உடல் அசையாமல் கிடக்கும்போதும் மூளைக்குள் வலிப்பு ஓடுமா? ஐ.சி.யூ.வில் தொடர் இ.இ.ஜி. பற்றி

வைகைக்கரை

என் தாயாருக்கு 63 வயது. மூளைக்காய்ச்சல் என்று சேர்த்த இரண்டாம் நாள் விடியற்காலையில் உடல் முழுவதும் வெட்டிக்கொண்டு வலிப்பு வந்தது. ஊசி போட்டதும் கைகால் துடிப்பு அடங்கியது, வென்டிலேட்டரில் வைத்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது, இனி மயக்கம் தெளியக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொன்னார்கள். அன்று மாலை 20 நிமிடம் இ.இ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை) எடுத்து, அலைகள் மெதுவாக இருக்கின்றன, வலிப்பு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள்.

அதன்பிறகு இரண்டு நாள் ஆகியும் அவர் கண் திறக்கவில்லை. பார்வை நேரத்தில் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கட்டைவிரல் மட்டும் என் உள்ளங்கையில் மெல்லத் தட்டுவதுபோல அசைந்துகொண்டே இருந்தது. மகளை அறிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்து வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னேன்.

பிறகு வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். அங்கே போன அன்றே இரவு முழுவதும் இ.இ.ஜி. ஓடவிட்டார்கள். இரவு 11 மணி முதல் காலை 6 மணிக்குள் மூளையின் வலப்பக்கத்தில் ஒன்பது முறை வலிப்பு வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். நான் பார்த்த விரலசைவும் அதன் வெளிப்பாடாக இருந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை.

இங்கே மருத்துவத் துறையில் இருப்பவர்கள் உண்டு என்பதால் கேட்கிறேன். முதல் பரிசோதனையில் இது எப்படித் தெரியாமல் போனது? இந்தத் தொடர் கண்காணிப்பை எல்லாருக்கும் ஏன் செய்வதில்லை?

நரம்புமுனை

வணக்கம் சகோதரி. நான் நரம்பியல் மருத்துவர். உங்கள் தாயாரை நேரில் பார்க்காமல் யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் முதல் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. ஏழு மணி நேரத்தில் ஒன்பது வலிப்பு என்றால் சராசரியாக 47 நிமிடத்துக்கு ஒன்று. 20 நிமிடப் பதிவு இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியில் விழுந்திருக்கலாம். அந்த அறிக்கை, அந்த 20 நிமிடத்தைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. மீதி நாளைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது.

கைகால் துடிப்பு நின்றால் வலிப்பு நின்றுவிட்டது என்று நாங்களும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினோம். 1998-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டெலொரென்சோ குழுவினர், நீடித்த வலிப்பு வெளிப்பார்வைக்கு அடங்கிவிட்ட 164 பேருக்கு 24 மணி நேரம் இ.இ.ஜி. வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் 48 சதவீதத்தினருக்கு மூளையில் மின்வலிப்பு தொடர்ந்துகொண்டிருந்தது. 14 சதவீதத்தினர் உடல் அசையாமலே இடைவிடாத வலிப்பு நிலையில் கிடந்தார்கள். வலிப்புக்குப் பிறகு கண் விழிக்காத நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த ஆய்வுதான். அதே குழு 2000-இல், வெளியே வலிப்பின் அறிகுறியே இல்லாமல் கோமாவில் இருந்த 236 பேரைப் பார்த்தபோது, அவர்களிலும் 8 சதவீதத்தினருக்கு உள்ளே இடைவிடாத வலிப்பு இருந்தது.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கு நியூயார்க்கில் க்ளாஸன் முதலியோர் 570 நோயாளிகளை வைத்துச் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் எடுத்துப் பேசுகிறோம். 110 பேரிடம் வலிப்பு தென்பட்டது. அவர்களில் 92 சதவீதத்தினருக்கு வந்தது வெளியே தெரியாத வலிப்பு மட்டுமே. கோமாவில் இல்லாதவர்களில் 95 சதவீதத்தினருக்கு முதல் வலிப்பு முதல் 24 மணி நேரத்துக்குள் பிடிபட்டுவிட்டது; கோமாவில் இருந்தவர்களிலோ 80 சதவீதம்தான். எனவே ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாளாவது ஓடவிட வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது.

விரலசைவைப் பற்றி ஒன்று. அதை நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். கட்டைவிரல், வாயின் ஓரம், இமை, ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும் கண்விழி ஆகிய இடங்களில்தான் இந்த வலிப்பு எட்டிப் பார்க்கும். உறவினர்கள் இப்படி எதையாவது பார்த்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்; கைப்பேசியில் படம் எடுக்க அனுமதித்தால் எடுத்துக் காட்டுங்கள்.

பத்துஇருபது

நான் இ.இ.ஜி. டெக்னீசியன், பதினாறு ஆண்டு அனுபவம். ஏன் எல்லாருக்கும் செய்வதில்லை என்ற கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் புடைத்திருக்கும் எலும்பு முடிச்சு வரை டேப் வைத்து அளந்து, அந்த நீளத்தைப் பத்து, இருபது சதவீதமாகப் பிரித்துப் பென்சிலால் புள்ளி வைப்போம். 1958-இல் ஜாஸ்பர் வகுத்துத் தந்த முறை இது. என் பெயரும் அதிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு புள்ளியிலும் முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை, அதாவது மின்னலையைப் பிடிக்கும் சிறு தட்டை, ஒட்ட வேண்டும். 20 நிமிடப் பதிவுக்கு இது போதும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பேஸ்ட் காய்ந்து கழன்றுவிடும். துணித்துண்டை கொலோடியன் என்ற உலர்ந்து இறுகும் பசையில் நனைத்து ஒட்டி, காற்று ஊதிக் காயவைக்க வேண்டும். அறுவைசிகிச்சை ஆன தலையாக இருந்தால் கட்டு, வடிகுழாய், தையல் எல்லாவற்றையும் விலக்கி இடம் தேட வேண்டும். ரத்தம் உலர்ந்து சடையாகிப்போன முடியைச் சுத்தம் செய்யவே அரைமணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

அடுத்தது, கலப்படமான அலைகள். மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வந்து சேர்வது சில பத்து மைக்ரோவோல்ட்தான். இதயத்தின் மின்துடிப்போ ஆயிரம் மைக்ரோவோல்ட் அளவு. ஐ.சி.யூ. படுக்கையைச் சுற்றி வென்டிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரம், காற்று மெத்தை, மருந்து பம்புகள் என எத்தனையோ ஓடுகின்றன. பிசியோதெரபிஸ்ட் நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும்போது திரையில் வருகிற தாளமான அலையைப் பார்த்தால் அசல் வலிப்பு என்றே தோன்றும். அதனால்தான் கூடவே வீடியோ வேண்டும். வீடியோ இல்லாத பதிவை அனுப்பினால், தட்டியது கையா மூளையா என்று டாக்டரால் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு படிப்பதற்கு ஆள் வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு பக்கம் என்று திருப்பினால் ஒரு நாள் பதிவு 8,640 பக்கம். இரவு 2 மணிக்கு வந்த வலிப்பை மறுநாள் காலை 10 மணிக்குப் பார்த்தால் எட்டு மணி நேரம் வீண். இயந்திரம் வாங்குகிற மருத்துவமனைகள் இரவில் படிக்கிறவரைப் பற்றி யோசிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பதிவு இரவு முழுவதும் ஓடும். காலையில்தான் திறந்து பார்ப்பார்கள். ஒரு முறை, சாலை விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞனுக்கு நள்ளிரவில் தொடங்கிய வலிப்பு விடியும்வரை திரையில் ஓடிக்கொண்டிருந்ததை மறுநாள் நான்தான் முதலில் பார்த்தேன். அந்தப் பக்கங்களை இன்றும் மறக்க முடியவில்லை.

இரவுப்பணி

பத்துஇருபது ஐயா சொன்னது உண்மை. அதற்கு எங்கள் ஐ.சி.யூ.வில் ஒரு வழி செய்தார்கள். பல மணி நேரப் பதிவைச் சுருக்கி ஒரே திரையில் வண்ணப் பட்டையாகக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. நேரம் இடமிருந்து வலமாக நகரும். அலையின் வேகம் கீழிருந்து மேலாக. வலிமை நிறமாகத் தெரியும். வலிப்பு வந்தால் அந்தப் பட்டையில் தீச்சுடர் எழுந்ததுபோல ஒரு கூம்பு எழும். ஸ்டாஃப் நர்ஸ்களாகிய எங்களுக்கு அதை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகப்பட்டால் அந்த நேரத்தில் பொத்தானை அழுத்திக் குறித்துவிட்டு, பணியில் இருக்கும் டாக்டரை அழைப்போம். அவர் அசல் அலையைப் பார்த்து முடிவு செய்வார்.

இந்தப் பட்டை எல்லாவற்றையும் காட்டாது. சில விநாடிகளே வருகிற வலிப்பும், சிறிய இடத்தில் ஒதுங்கியிருக்கும் வலிப்பும் அதில் கரைந்துவிடும். வாயை மெல்லுவது, நடுங்குவது போன்றவையும் சுடர்போலத் தோன்றும். ஆனாலும் இரவு 3 மணிக்கு அந்த அறையில் விழித்திருப்பது நாங்கள்தான். எட்டு மணி நேரம் யாரும் பார்க்காமல் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

சகோதரி வைகைக்கரை கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: தோல். நெற்றியிலும் பின்மண்டையிலும் ஒட்டிய இடம் அழுந்திப் புண்ணாகும். தினமும் பார்க்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூச்சுக்குழல்

தீவிர சிகிச்சை மருத்துவராக நான் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மருத்துவர் நரம்புமுனை சொன்ன ஆய்வுகள் எல்லாம் வலிப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணியவை. கண்டுபிடிப்பது ஒன்று, கண்டுபிடித்ததால் நோயாளி பிழைப்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு சுவிட்சர்லாந்தின் நான்கு மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியானது. நினைவு குன்றிய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 முதல் 48 மணி நேரத் தொடர் இ.இ.ஜி.யும், மறு பாதிக்கு 20 நிமிட இ.இ.ஜி. இரண்டு முறையும் எடுத்தார்கள். தொடர் பதிவில் வலிப்பு அதிகமாகப் பிடிபட்டது. மருந்தும் அதிகமாக மாற்றப்பட்டது. ஆனால் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் தொடர் பதிவுப் பக்கம் 182 பேரில் 89, மறு பக்கம் 182 பேரில் 88.

2022-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த மற்றொரு ஆய்வு, இதயம் நின்று உயிர்ப்பிக்கப்பட்டுக் கோமாவில் இருந்த 172 பேரைப் பற்றியது. தொடர் இ.இ.ஜி.யில் தாளமான அலைகளோ விட்டுவிட்டு வரும் கூரலைகளோ தெரிந்தவர்களுக்கு அவற்றை அடக்கும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மோசமான முடிவை அடைந்தவர்கள் மருந்து கூட்டிய பக்கம் 90 சதவீதம், கூட்டாத பக்கம் 92 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மிடாசோலம், புரோபோஃபால் போன்ற மயக்க மருந்துகளைக் கூட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, அதை ஏற்ற வேறு மருந்து வேண்டியிருக்கிறது, வென்டிலேட்டரில் இருக்கும் நாட்கள் நீள்கின்றன, நிமோனியா வருகிறது. திரையில் தெரிகிற ஒவ்வொரு கூரலையையும் துரத்தினால் நோயாளியைக் கோட்டை விட்டுவிடுவோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. செஃபிபைம் என்ற ஆன்டிபயாட்டிக் சிறுநீரகம் பழுதான ஒருவரின் உடலில் தேங்கி, இ.இ.ஜி.யில் வலிப்புக்கு மிக நெருக்கமான அலைகளைக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேண்டியிருந்தது அந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது. நிறுத்திய சில நாளில் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

நரம்புமுனை

மருத்துவர் மூச்சுக்குழலின் எச்சரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். செஃபிபைம் எடுத்துக்காட்டு மிக முக்கியமானது. அதே மருந்து சிலருக்கு உண்மையான இடைவிடாத வலிப்பையே உண்டாக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த இரண்டு ஆய்வுகளையும் இந்தத் தாயாரின் நிலைக்கு அப்படியே பொருத்த முடியாது. சுவிஸ் ஆய்வில், அண்மையில் வலிப்பு வந்தவர்களைத் தொடக்கத்திலேயே சேர்க்காமல் விட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தொடர் இ.இ.ஜி. வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. இதயம் நின்றவர்களைப் பற்றிய ஆய்வில் பெரும்பாலோருக்கு இருந்தவை சீராகத் திரும்பத் திரும்ப வரும் கூரலைகள். ஓடி, பரவி, உருமாறுகிற தெளிவான வலிப்பு இருந்தவர்கள் சிறுபான்மை. அங்கே மூளை ஆக்சிஜன் இல்லாமல் முன்பே அடிபட்டுவிட்டது. அலை அந்தச் சேதத்தின் அடையாளம். மூளைக்காய்ச்சலில் வருகிற வலிப்பு அப்படிப்பட்டதன்று.

வலிப்பு நீள நீள என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நரம்பணுவின் மேற்பரப்பில் அடக்கும் வேலை செய்கிற காபா ஏற்பிகள் நேரம் ஆக ஆக உள்ளே இழுக்கப்படுகின்றன. லோராசெபாம், மிடாசோலம் போன்றவை வேலை செய்வதே அந்த ஏற்பிகளின் மேல்தான். எனவே முதல் மணி நேரத்தில் ஓர் ஊசிக்கு அடங்குகிற வலிப்பு, மறுநாள் மூன்று மருந்துக்கும் அடங்காமல் போகும். தலையில் அடிபட்டவர்களிடம் வெளியே தெரியாத வலிப்பின்போது மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதை லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்பா குழுவினர் அளந்தே காட்டினார்கள். டொரண்டோவில் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் 259 பேரைப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. ஏதாவது ஒரு மணி நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 நிமிடத்துக்கு மேல் வலிப்பு ஓடிய குழந்தைகளிடம் நரம்பியல் சரிவு கூடுதலாகக் காணப்பட்டது. 2021-இல் அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் சங்கம் வெளியிட்ட வரையறையிலும் அதே கணக்கு இருக்கிறது: தொடர்ந்து 10 நிமிடம், அல்லது ஒரு மணி நேரத்தில் மொத்தம் 20 சதவீதம் ஓடினால் அது இடைவிடாத மின்வலிப்பு.

எனவே நான் கேட்கும் கேள்வி யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதுதான். அதற்கு இப்போது ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. டூ ஹெல்ப்ஸ் டூ பி (2HELPS2B) என்பார்கள். முன்பு வலிப்பு வந்ததா, அலைகளில் கூர்முனை உண்டா, ஒரு பக்கமாகத் திரும்பத் திரும்ப வருகின்றனவா, விநாடிக்கு இரண்டுக்கு மேலா என்பன போன்ற ஆறு கேள்வி. பூஜ்யம் வந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு 5 சதவீத அளவில்தான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கழற்றலாம். ஒன்று வந்தால் 12 மணி நேரம். இரண்டும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது 24 மணி நேரம். எல்லாருக்கும் இரண்டு நாள் ஓட்ட இயலாத இடங்களில் இருக்கிற ஓர் இயந்திரத்தைத் தேவையானவரிடம் கொண்டுசேர்க்க இது உதவும். நர்ஸ்களே சில நிமிடங்களில் மாட்டக்கூடிய, பத்து எலக்ட்ரோடு கொண்ட தலைப்பட்டைகளும் வந்துவிட்டன. உச்சந்தலை அதில் அடங்காது. ஆனாலும் டெக்னீசியன் இல்லாத இரவில் அது பெரிய உதவி.

தளிர்நடை

பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யூ.வில் பணிபுரியும் நர்ஸ் நான். எங்கள் பிரிவைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். கண்ணால் பார்த்து வலிப்பைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்து 2008-இல் வந்த ஆய்வைப் படிக்க வேண்டும். பிறந்த குழந்தைகளிடம் இ.இ.ஜி. காட்டிய 526 வலிப்புகளில் பணியாளர்கள் சரியாக அடையாளம் கண்டவை 48. அதேபோல வலிப்பு என்று அவர்கள் குறித்த 177 நிகழ்வுகளிலும் உண்மை அதே 48-தான். தவறவிட்டதும் நாங்கள், இல்லாததை இருக்கிறது என்றதும் நாங்கள். கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டுவது, உதட்டைச் சப்புவது, திடீரென்று மூச்சு நிற்பது எல்லாம் வலிப்பாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். மருத்துவர் மூச்சுக்குழல் அஞ்சுகிற தேவையற்ற மருந்தைத் தடுப்பதற்கும் இந்தக் கருவி வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூச்சுக்குழல்

உண்மை, சகோதரி. வலிப்பு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மருந்தைக் குறைக்கும் துணிவு எனக்கு வரும். அந்தக் கோணத்தில் நான் அதிகம் எழுதவில்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருக்கும் நோயாளிக்கு எவ்வளவு பெரிய வலிப்பு வந்தாலும் உடலில் ஒரு நரம்புகூட அசையாது. அவர்களுக்கும் இ.இ.ஜி. இன்றி வேறு வழியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வைகைக்கரை

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. இன்று அம்மாவின் டாக்டரிடம் மதிப்பெண் முறையைப் பற்றியும் தோலைப் பற்றியும் கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பி, நேற்று முன்தினம் எழுந்த சுடர்களையும், நேற்று மதியத்துக்குப் பிறகு பட்டை சமமாகப் போவதையும் காட்டினார். லெவெடிரசிட்டாம் என்ற வலிப்பு மருந்தோடு மிடாசோலம் ஓடுகிறது. வலிப்பில்லாமல் 24 மணி நேரம் கடந்துவிட்டதால் இன்றிரவு முதல் மிடாசோலத்தை மெல்ல இறக்கப்போகிறார்கள். இறக்கும்போதுதான் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இன்னும் ஒரு நாளாவது இ.இ.ஜி.யைக் கழற்ற மாட்டார்களாம். இரவில் திரையை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டேன். பணியில் இருக்கும் நர்ஸின் பெயரைச் சொல்லி, அவரை அழைத்து எனக்கு அறிமுகமும் செய்துவைத்தார்.

பத்துஇருபது அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். நாளை காலை இரண்டு எலக்ட்ரோடுகளை மாற்றி ஒட்டப்போகிறார்கள். அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. பசையில் சிக்காகிக் கிடக்கிறது. வெட்டாமல் காப்பாற்ற நான் ஏதாவது செய்ய முடியுமா?

பத்துஇருபது

வெட்ட வேண்டாம், அம்மா. நாளை டெக்னீசியன் வருவதற்கு முன்பு நர்ஸிடம் அனுமதி கேட்டு, ஒட்டியிருக்கும் எலக்ட்ரோடுகளைத் தொடாமல், தொங்கும் முடியை மட்டும் இரண்டாக வகிர்ந்து காதுக்கு முன்பக்கமாகத் தளர்வாகப் பின்னிவிடுங்கள். பின்மண்டைக்குக் கீழே முடிச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழுத்தம் விழும். எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட தோலில் எதுவும் ஒட்டாது. எல்லாம் முடிந்து கழற்றும் நாளில் பேஸ்ட் வெந்நீரில் கரைந்துவிடும். கொலோடியன் ஒட்டியிருந்தால் அதைக் கரைக்கும் திரவத்தை டெக்னீசியனே தொட்டு எடுப்பார். அதன்பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துக்கொண்டு வாருங்கள்.